உளுந்தின் மீது பழி போடுமுன் கிரைண்டரைப் பாருங்கள்



கூரத்தில் இருந்துகொண்டு பருப்பு, உளுந்து மொத்த வியாபாரம் செய்யும் நாம், கிரைண்டர் பழுதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். மெக்கானிக் செய்ய வேண்டிய வேலையை மளிகைக்காரன் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கேளுங்கள்.

நம்மிடம் பல ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒருவர், மளிகையோடு இட்லி மாவும் அரைத்து விற்பவர், ஒருநாள் காலையில் பாதி மூட்டை உளுந்தைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். "ஐயா, இந்தத் தடவை குடுத்த உளுந்து சரியில்லீங்க. மாவே காண மாட்டேங்குது. இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு ஜனங்க கடைக்கே வந்து கேக்குறாங்க" என்றார். நாம் மறுபேச்சின்றி மூட்டையை எடுத்துக்கொண்டோம். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அதே மூட்டையில் ஒரு படி எடுத்து நம் வீட்டில் ஊறப்போட்டு அரைக்கச் சொன்னோம். பந்து பந்தாகப் பொங்கி வந்தது மாவு.

மறுநாள் அவர் கடைக்கே போனோம். கிரைண்டரை ஓடவிட்டுப் பார்த்தோம். வெறும் கல்லாக ஓடும்போது நன்றாக ஓடியது. உளுந்து கெட்டிப்படத் தொடங்கியதும் கல் தயங்கியது. மோட்டார் மட்டும் தன் வேகத்தில் ஓடியது. அடியில் பார்த்தால் பெல்ட் கண்ணாடி போல் வழவழத்துத் தளர்ந்து கிடந்தது. அரை மணியில் முடிய வேண்டிய வேலை ஒரு மணிக்கு மேல் இழுத்து, மாவு சூடேறிப் போயிருந்தது. சூடேறிய உளுந்து மாவு எப்படிப் பொங்கும்? புது பெல்ட் போட்டதும் எல்லாம் சரியாயிற்று. ஒரு பெல்ட்டுக்காக அவருக்கு வாடிக்கையாளர் போனார்கள். நமக்கு இத்தனை ஆண்டு உறவே போக இருந்தது.

ஆகவே நாம் சொல்ல வருவது இதுதான்: இயந்திரத்தின் குற்றம் சரக்கின் மேல் விழுகிறது. சரக்கின் குற்றம் வியாபாரியின் மேல் விழுகிறது. பழுதை அடையாளம் காணத் தெரிந்த கடைக்காரருக்கு இந்த நஷ்டம் இல்லை.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது

நம் வீட்டு ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவியைக் கையால் சுற்றுவோம். கிரைண்டரில் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். குழவி ஒரு கம்பியில் நின்ற இடத்தில் நிற்கும், கல் பொருத்திய பாத்திரம் சுற்றும். 1955 இல் கோயமுத்தூரில் சபாபதி என்பவர் இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். நம் காஞ்சிப் பட்டுக்கு 2005-06 இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குத் தெரியும். அதே ஆண்டில் கோவை கிரைண்டருக்கும் அது கிடைத்தது. 2011 இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கிய பிறகு, கிரைண்டர் இல்லாத வீடு அரிதாகிவிட்டது. அன்று வந்த கிரைண்டர்கள் இன்று பழுது பார்க்கும் வயதில் இருக்கின்றன.

உள்ளே இருப்பவை அதிகமில்லை. ஒரு மோட்டார், அதற்குத் தள்ளு கொடுக்கும் கண்டென்சர், மோட்டாரின் சுழற்சியைப் பாத்திரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட், இரண்டு புல்லிகள், பேரிங்குகள், பிறகு கல். மோட்டார் வேகமாகச் சுற்றும். சின்ன புல்லியிலிருந்து பெரிய புல்லிக்குப் போகும்போது வேகம் குறைந்து பலம் கூடும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பழுது எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். இதில் சமரசம் கூடாது.

1. சத்தமே இல்லை, அசைவும் இல்லை

முதலில் கிரைண்டரைக் குறை சொல்லாதீர்கள். அதே பிளக் பாயிண்டில் ஒரு டேபிள் விளக்கையோ மிக்ஸியையோ போட்டுப் பாருங்கள். அதுவும் ஓடவில்லையென்றால் பாயிண்டிலோ ஃபியூசிலோ குறை. அது ஓடினால் கிரைண்டரின் ஒயரைப் பாருங்கள். பிளக்கின் அடியிலும், ஒயர் உள்ளே நுழையும் இடத்திலும்தான் மடங்கி மடங்கி உள்கம்பி அறும். எலி கடித்த ஒயரும் கடைகளில் சகஜம்.

மேசைமேல் வைக்கும் கிரைண்டர்கள் பலவற்றில் அடியிலோ பின்புறத்திலோ ஒரு சிறு பொத்தான் இருக்கும். பாரம் மிஞ்சினால் மோட்டார் எரியாமல் காக்க அது தானே வெளியே தள்ளிக்கொண்டு நின்றுவிடும். மாவில் பாதியை எடுத்துவிட்டு, மோட்டார் ஆறும்வரை பொறுத்து, பொத்தானை அழுத்தினால் ஓடும். இது தெரியாமல் மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்தவர்கள் நம்மில் பலர். ஆனால் அடிக்கடி அது தள்ளிக்கொண்டால், அளவுக்கு மேல் போடுகிறீர்கள் அல்லது உள்ளே எங்கோ இறுக்கம் இருக்கிறது என்று பொருள்.

2. 'உம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை

உடனே அணைத்துவிடுங்கள். இந்த முனகலோடு சில நிமிடம் விட்டால் மோட்டார் காயில் எரிந்துவிடும். அதோடு ஒப்பிட்டால் மற்றச் செலவெல்லாம் சில்லறை.

பிளக்கைப் பிடுங்கி, மாவையும் குழவியையும் எடுத்துவிட்டு, பாத்திரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற மறுத்தால் அடியில் காய்ந்த மாவு இறுகியிருக்கும் அல்லது பேரிங் பிடித்திருக்கும். தாராளமாகச் சுற்றினால் சந்தேகம் கண்டென்சர் மேல்தான். நம் வீட்டு ஒற்றைப் பேஸ் மின்சாரத்தில் இந்த மோட்டார் தானே கிளம்பாது. முதல் தள்ளைக் கொடுப்பது கண்டென்சர். அது பலம் இழந்தால் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். மின்விசிறியில் கண்டென்சர் போனால் நடப்பதும் இதுதான்.

விலை குறைந்த பொருள். ஆனால் பழையதன் மேல் எழுதியுள்ள மைக்ரோஃபாரட் அளவு மாறக்கூடாது, வோல்ட் அளவு குறையக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், மாற்றும் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. என்ன பழுது என்று நாம் சொல்லிவிட்டால், தேவையில்லாத பொருளை மாற்றிப் பணம் கேட்க இடமிருக்காது.

3. மோட்டார் ஓடுகிறது, கல் தயங்குகிறது

இதுதான் மேலே சொன்ன கடைக்காரரின் கதை. பெல்ட்டை இரண்டு புல்லிகளுக்கும் நடுவே விரலால் அழுத்துங்கள். சுமார் அரை அங்குலம் இறங்கினால் சரி. தொளதொளவென்று இறங்கினால் தளர்ந்துவிட்டது. ஓரம் வெடித்திருந்தாலும், உட்புறம் பளபளத்தாலும் மாற்ற வேண்டியதுதான். ரப்பர் கருகும் வாடை வந்தாலும் அதுவே. பெல்ட்டின் மேல் எண் அச்சிட்டிருக்கும். அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கிட்டத்தட்ட ஒரே அளவு என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். மிக இறுக்கமாகப் போட்டாலும் பேரிங் தேயும். பெல்ட்டில் எண்ணெயோ மாவுத் தண்ணீரோ பட்டால் வழுக்கும். துடைத்துக் காயவிட்டால் போதும்.

4. கடகடச் சத்தம்

குழவி தன் இடத்தில் சரியாக உட்காராவிட்டால் தாளம் தப்பாமல் தட்டும். எடுத்துத் திரும்ப வைத்தால் நின்றுவிடும். கரகரவென்று தொடர்ந்து வரும் சத்தம் பேரிங்குடையது. இதை நாள் கடத்தினால் தண்டும் தேய்ந்து செலவு பெருகும்.

மாவில் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ கோடு தெரிந்தால், நடுத்தண்டின் புஷ் தேய்ந்து பொடி விழுகிறது அல்லது கிரீஸ் இறங்குகிறது. அந்த மாவு முழுவதையும் கொட்டிவிடுங்கள். பத்து படி மாவு நஷ்டமானாலும் பரவாயில்லை. அதை ஒரு குழந்தை சாப்பிடக்கூடாது.

5. நன்றாக ஓடுகிறது, மாவு மசியவில்லை

கல் வழவழத்துவிட்டது. கையை வைத்தால் தெரியும். கல் கொத்துபவரை அழைத்துக் கொத்தியபின், முதலில் பழைய அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மாவில் கல்பொடி நறநறக்கும். கல்லை அழுத்தும் ஸ்பிரிங் உள்ள கிரைண்டரில் அது தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். காஞ்சிபுரம் கோயில் இட்லிக்கு மாவு கரகரப்பாகவே வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கரகரப்பு நாம் விரும்பி நிறுத்துவது. கல் தேய்ந்து வரும் கரகரப்பு வேறு.

6. ஷாக் அடிக்கிறது

மேலே சொன்னவற்றில் பணம்தான் போகும். இதில் உயிர் போகும். நம் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறோம். மருமகள் சில நாட்களாக, "மாமா, கிரைண்டரைத் தொட்டா கை ஜிவ்வுங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரக்கை என்று நாம் அலட்சியமாக இருந்துவிட்டோம். ஒருநாள் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டவள் தூக்கி எறியப்பட்டாள். கடவுள் புண்ணியத்தில் பிழைத்தாள். எலெக்ட்ரீஷியன் திறந்து பார்த்தபோது, மோட்டாரில் தண்ணீர் இறங்கியிருந்தது. சுவரில் இருந்த பாயிண்டில் மூன்றாவது துளை இருந்தது, ஆனால் அதற்குள் எர்த் கம்பியே இணைக்கப்படவில்லை. எத்தனையோ ஆண்டு அப்படியே இருந்திருக்கிறது. அன்று நமக்கு வந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

ஜிவ்வென்றால் அன்றே நிறுத்துங்கள். மூன்று முள் பிளக்கில் தடித்த முள்தான் எர்த். அதை வெட்டிவிட்டு இரண்டு முள் பாயிண்டில் சொருகுவது தற்கொலைக்குச் சமம். கடையிலும் வீட்டிலும் எர்த் இருக்கிறதா என்று ஆளை வைத்துச் சோதியுங்கள். இன்னொன்று: டிரிப்பர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். சாதாரண எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. மின்கசிவு ஏற்பட்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாகப் பொருத்த வேண்டும். ஒரு மூட்டை உளுந்தில் நாம் பார்க்கும் லாபத்தோடு அந்தச் செலவை ஒப்பிடக்கூடாது.

வராமல் காப்பது

நாம் கண்டவரை பழுதுகளில் பெரும்பகுதி நம் கையால் வருபவை. தண்ணீரும் தானியமும் முழுவதும் நிரப்பிவிட்டு சுவிட்ச் போடுவது ஒன்று. ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சரியாக ஊறாததை அரைப்பது இன்னொன்று. நீளமான மெல்லிய ஒயரில் இழுத்து ஓட்டுவதும், மாலையில் வோல்டேஜ் இறங்கியிருக்கும்போது பிடிவாதமாக ஓட்டுவதும் மோட்டாரைச் சுடவைக்கும். கழுவும்போது குடத்தோடு தண்ணீர் கொட்டாதீர்கள். பாத்திரத்தையும் கல்லையும் கழுவுங்கள், மோட்டார் பகுதியை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மாவு விற்பவர்கள் ஒரு பெல்ட்டும் ஒரு கண்டென்சரும் கல்லாப்பெட்டி அருகிலேயே வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரைண்டர் நின்றால் கடைத்தெருவில் எதுவும் கிடைக்காது. அன்று வேறு கடைக்குப் போன வாடிக்கையாளர் திங்கட்கிழமை திரும்புவார் என்பது நிச்சயமில்லை. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் நீங்களே திறக்க வேண்டாம். பில்லையும் கார்டையும் பத்திரமாக வையுங்கள். பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதே மேல்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை "மாவு காணலை" என்று யாராவது உங்கள் கடைக்கு வந்தால், உளுந்தைத் திருப்பி வாங்க மறுக்காதீர்கள். வாங்கிக்கொண்டு, "அம்மா, உங்க கிரைண்டர்ல கெட்டி மாவு அரைக்கும்போது கல்லு தயங்குதா பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்கள் மறுபடி உங்களிடம் வருவார்கள்.