கரியடுப்பிலிருந்து ஒரு புகையடுப்பு

இறைச்சியைக் கனலில் வாட்டச் சில நிமிடங்கள் போதும். புகையில் மெல்ல வேகவைக்கவோ மணிக்கணக்கில் பொறுமை வேண்டும்.

அமெரிக்காவில் வெபர் நிறுவனத்தின் 'ஸ்மோக்கி ஜோ' என்னும் சிறிய கரியடுப்பைப் பலர் வீட்டிலேயே புகையடுப்பாக மாற்றிக்கொள்கின்றனர். மெக்சிக்கோ மக்கள் தமாலே என்னும் மக்காச்சோளப் பண்டத்தை அவிக்கும், ஏறத்தாழ 30 லிட்டர் கொள்ளும் அலுமினியப் பானையே இதற்குத் துணை. அதன் அடியை வெட்டி அடுப்பின் மேல் அமர்த்துகின்றனர். உட்புறம் திருகாணிகளை முடுக்கி, அவற்றின் மேல் இறைச்சிக்கான கம்பித்தட்டை வைக்கின்றனர். அடுப்பின் மூடியே பானைக்கும் மூடியாகிறது. கரியோடு இரண்டொரு மரத்துண்டுகளையும் இட்டால் புகை எழும். காற்றுத் துளைகளைச் சுருக்கி, வெப்பத்தை 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் நிறுத்துங்கள். கோழியின் உட்பகுதி 74 டிகிரியை எட்டிய பின்னரே உண்ணுங்கள்.

துத்தநாகம் பூசிய பாத்திரம் வேண்டாம். கடுஞ்சூட்டில் நச்சாவி எழும். அதனினும் கொடியது, கரி எரிகையில் வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மழை வந்தாலும் அடுப்பை வீட்டினுள் கொண்டு செல்லாதீர்கள். சன்னலைத் திறந்து வைப்பது போதாது. கரி அணைந்தது போல் தோன்றினாலும் அது முற்றும் ஆறும்வரை வெளியிலேயே இருக்கட்டும்.

சுவைக்காக மூட்டிய அடுப்பு, உயிருக்கு உலை வைத்துவிடலாகாது அல்லவா?