மறுசேர்க்கை மனித டௌ புரதம்

மறுசேர்க்கை மனித டௌ புரதம் என்பது, மனித டௌ புரதத்துக்கான மரபணு வரிசையைப் பாக்டீரியா போன்ற உயிரணுக்களில் செலுத்தி, ஆய்வகப் பயன்பாட்டுக்காகத் தயாரிக்கப்படும் புரதமாகும். நரம்பணுக்களின் நீண்ட ஆக்சான்களுக்குள் டியூபுலின் என்னும் புரதத்தால் ஆன நுண்குழல்கள் உள்ளன. உயிரணுவுக்குள் சரக்குகள் சென்றுவரும் தண்டவாளங்கள் இவையே. டௌ இவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு, நுண்குழல்கள் உருவாவதைத் தூண்டுகிறது.

1975இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் கிர்ஷ்னர் குழுவினர் பன்றி மூளையிலிருந்து எடுத்த பொருளில் இப்புரதத்தைக் கண்டறிந்தனர். மனிதரில் இதன் மரபணு 17ஆம் குரோமோசோமில் உள்ளது. அந்த ஒரே மரபணுவிலிருந்து வளர்ந்தோர் மூளையில் ஆறு வடிவங்கள் தோன்றுகின்றன. அவற்றுள் நீளமானது 441 அமினோ அமிலங்கள் கொண்டது.

தயாரிப்பில் ஒரு சுவையான வசதி உண்டு. பெரும்பாலான புரதங்கள் கொதிக்க வைத்தால் முட்டையின் வெள்ளைக்கருவைப் போல உறைந்துவிடும். டௌவுக்கு நிலையான மடிப்பே இல்லை; ஆகவே குலைவதற்கும் ஒன்றுமில்லை. டௌவை உற்பத்தி செய்த ஈ. கோலை பாக்டீரியாவை உடைத்து, அந்தக் கரைசலைக் கொதிக்கவைத்து, மையவிலக்கியில் சுழற்றினால், பிற புரதங்களில் பெரும்பகுதி அடியில் படியும். டௌ மேலுள்ள தெளிந்த நீர்மத்தில் தங்கும். அதன்பின் அயனிப் பரிமாற்ற முறையில் மேலும் தூய்மைப்படுத்துவர்.

கிடைத்த புரதம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் எளிது. டியூபுலின், ஜிடிபி ஆகியவற்றுடன் டௌவைச் சேர்த்து 37 பாகை செல்சியசில் வைத்தால், நுண்குழல்கள் உருவாக உருவாகக் கரைசல் கலங்கும். அக்கலங்கலை ஒளி அளவி அளந்துவிடும்.

ஆனால் சோதனைக்குழாய் டௌவும் மூளையின் டௌவும் முற்றிலும் ஒன்றல்ல. ஆல்சைமர் நோயில் டௌவின் மீது பாஸ்பேட் தொகுதிகள் மிகுதியாக ஏறுகின்றன. அது நுண்குழலை விட்டு விலகி, இழைகளாகத் திரண்டு நரம்பணுவில் சேர்கிறது. பாக்டீரியாவில் தயாரான டௌவில் இந்தப் பாஸ்பேட்டுகள் பொதுவாக இல்லை. இழைகளை உண்டாக்க ஆய்வாளர்கள் நெடுங்காலம் அதனுடன் ஹெப்பாரினைச் சேர்த்துவந்தனர்.

2017இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தினர், உறைநிலை மின்னணு நுண்ணோக்கியால் ஆல்சைமர் மூளை இழைகளின் அமைப்பைக் கண்டனர். 2019இல் ஹெப்பாரின் இழைகளை அதே முறையில் ஆராய்ந்தபோது அவற்றின் மடிப்பு வேறாக இருந்தது. ஹெப்பாரின் இழைகளைத் தடுக்கும் மருந்து, நோயாளியின் மூளையில் உள்ள இழைகளையும் தடுக்கும் என்று சொல்ல முடியாத நிலை ஏற்பட்டது. 2022இல் அதே ஆய்வகத்தினர் 297 முதல் 391 வரையான அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட மறுசேர்க்கைத் துண்டை, ஹெப்பாரின் இன்றி, மெக்னீசியம் குளோரைடு கரைசலில் குலுக்கி, ஆல்சைமர் மூளையில் காணப்படும் அதே மடிப்புள்ள இழைகளைப் பெற்றனர்.