அடிபட்டால் யார் ஓடுவது?

குழந்தைகளே! நம்ம தம்மம்பட்டி ஜல்லிக்கட்டைப் பார்த்திருக்கிறீர்களா? வாடிவாசலும் சீறி வரும் காளையும்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கொஞ்சம் ஓரமாகப் பாருங்கள். டாக்டர்களும் நர்சுகளும் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்திலேயே ஆம்புலன்ஸ் நிற்கும். முதல் காளை வெளியே வருவதற்கு முன்பே இதெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி.

சரி, உங்கள் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் நடக்கும் கபடிப் பயிற்சிக்கு எந்த ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது? பி.டி. சாரும் அவர் கழுத்தில் தொங்கும் விசிலும்தான் உண்டு. அதனால் யோசிக்க வேண்டியதை விசில் ஊதும் முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

காஷ்மீரில் குல்மார்க், உத்தரகாண்டில் ஆவ்லி என்ற ஊர்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் அங்கே மலையெல்லாம் பனி. காலில் நீளமான பலகையைக் கட்டிக்கொண்டு சரிவில் சறுக்கி விளையாடுவார்கள். இந்த விளையாட்டைச் சிறுவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சியாளர் மலை ஏறும் முன்பே சில கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். ஒரு பையன் கால் முறிந்து விழுந்தால் யாரை அழைப்பது? அவனை எந்த வழியாக இறக்குவது? இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பயிற்சியாளர் அவனோடு போய்விட்டால் மற்ற பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பனி இல்லாத நம்ம ஊருக்கும் அது பொருந்தும் அல்லவா?

நம்ம ஊரிலிருந்து ஆத்தூர் அரசு மருத்துவமனை சுமார் 30 கி.மீ. தூரம். சேலம் இன்னும் தொலைவு. அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும்போது, மைதானத்திலேயே ஐந்து நிமிடத்தை வீணாக்கலாமா?

கால்பந்து பார்க்கிறவர்களுக்கு டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனைத் தெரிந்திருக்கும். 2021 ஜூன் 12, கோபன்ஹேகன் நகரம். பின்லாந்துடன் ஆட்டம். யாரும் மோதவில்லை, தள்ளவில்லை. எரிக்சன் அப்படியே சுருண்டு விழுந்தார். இதயம் நின்றுவிட்டது! நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவர்களை அழைத்தார். கேப்டன் சைமன் கேயர் ஓடி வந்து உதவினார். பிறகு வீரர்கள் எல்லோரையும் எரிக்சனைச் சுற்றி வட்டமாக நிற்க வைத்தார். மருத்துவர்கள் மார்பை அழுத்தினார்கள். மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவியைப் பயன்படுத்தினார்கள். எரிக்சன் பிழைத்தார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கோலும் போட்டார்!

எல்லா ஆட்டமும் இப்படி முடிவதில்லை. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் கபடிப் போட்டி நடந்தது. பாடிப் போன இளைஞர் ஒருவரை எதிரணியினர் மடக்கியபோது கீழே விழுந்தார். எழ முயன்றவர் மறுபடியும் சரிந்தார். உயிர் பிழைக்கவில்லை. அவர் நம் சேலத்தில் கல்லூரியில் படித்து வந்தவர். மார்பிலோ தலையிலோ அடி வாங்கியவன் "ஒண்ணுமில்லை" என்று எழுந்தாலும், அவனை உட்கார வைத்துக் கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

தலையில் அடி என்றதும் ஒரு கிரிக்கெட் கதை. 2020 டிசம்பர் 4, கான்பெரா. நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்காக முதல் டி20 ஆடிய ஆட்டம். அன்று ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. அவர் தொடர்ந்து ஆடினார். ஆனால் பந்து வீச வரவில்லை. அவருக்குப் பதிலாக இறங்கிய சஹல் 3 விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். தலையில் அடிபட்டால் மாற்று ஆள் இறங்கலாம் என்று 2019-லேயே விதி வந்துவிட்டது. இந்திய அணிக்கே அப்படி என்றால், எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு அணி ஒரு ஆளை உட்கார வைக்கக் கூடாதா? அன்று முழுக்க அவன் ஆடவே கூடாது. வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு, தூக்கக் கலக்கம், அதிகமாகும் தலைவலி... இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத்தான்.

இப்போது வேலையைப் பிரிப்போமா? விளையாட்டு ஆசிரியர் அடிபட்டவன் பக்கத்திலேயே இருப்பார். ஒருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். 2008 முதல் தமிழ்நாட்டில் இருக்கும் இந்தச் சேவைக்குக் காசு கிடையாது. "ஸ்கூல்ல அடிபட்டுடுச்சு, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடக் கூடாது. மாவட்டம், ஊர், பள்ளியின் பெயர், பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது கடை இருக்கிறது, யாருக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் சொல்ல வேண்டும். அவர்கள் வைக்கும் வரை நீங்கள் வைக்காதீர்கள். இன்னொருவர் வாசலுக்கு ஓடி, கேட்டைத் திறந்து, வண்டிக்கு வழி காட்ட வேண்டும். இரண்டு பேர் கூட்டத்தை ஒதுக்க வேண்டும். நம்ம ஊரில் இதுதான் கஷ்டமான வேலை! அடுத்த வகுப்பு ஆசிரியர் மற்ற பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும். யார் யாருக்கு எந்த வேலை என்பதை, பெற்றோரின் போன் நம்பர்களோடு ஒரு தாளில் எழுதி வைக்கும்படி உங்கள் சாரிடம் கேளுங்கள். ஒரு வேலைக்கு இரண்டு பெயர் எழுதுங்கள். ஒருவர் லீவு போட்டிருக்கலாமே!

முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது? நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் நான்கு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார். விளையாட்டு ஆரம்பிப்பதோ நாலே காலுக்கு!

நம் பெரியவர்கள் பாசத்தோடு செய்கிற சில காரியங்களையும் நிறுத்த வேண்டும். வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவக் கூடாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி இருபது நிமிடம் வரை வைக்கலாம். எலும்பு முறிந்தது போலத் தெரிந்தால் இழுத்து நேராக்காமல், அட்டையோ மரச் சட்டமோ வைத்து அசையாமல் கட்டலாம். ரத்தக் காயத்தில் காபித்தூள் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாத்தக் கூடாது, முன்னால் குனிந்து மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். மயங்கியவன் வாயில் சோடா ஊற்றாதீர்கள். வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். ஆனால் கழுத்திலோ முதுகிலோ அடி என்றால் யாரும் தூக்கக் கூடாது. "அசையாதே" என்று சொல்லி, ஆம்புலன்ஸ் வரும் வரை கூடவே இருங்கள்.

முளைத்து நிலைத்த பல் முழுதாக விழுந்துவிட்டால் கூரையில் எறிந்துவிடாதீர்கள்! வேர்ப் பக்கத்தைத் தொடாமல், தேய்க்காமல், ஒரு டம்ளர் பாலில் போட்டு உடனே பல் டாக்டரிடம் ஓடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போனால் அதே பல்லை அதே இடத்தில் வைத்துவிட வாய்ப்பு அதிகம். மைதானத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பால் எப்போதும் இருக்குமே, அதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.