கோணலா நிக்குதே... அந்த வீடு!

நாலைந்து பழைய மரவீடுகள். ஓட்டை உடைசல். சுற்றிலும் புல்டோசர் சத்தம். ‘இடிக்காதீங்க சார், இது சரித்திரம்’ என்று சொன்னால் யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? அதுவும் சொல்றது ஸ்கூல் பசங்கன்னா?

நியூயார்க்கில் கேட்டிருக்கிறார்கள். 1970-ல்!

புரூக்ளின் பகுதியில் இருக்கிறது வீக்ஸ்வில். நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முழுசாக ஒழிந்தது 1827-ல். பதினோரு வருஷம் கழித்து, ஜேம்ஸ் வீக்ஸ் என்ற கறுப்பினத் துறைமுகத் தொழிலாளி இங்கே நிலம் வாங்கினார். அவர் பேர்தான் ஊர் பேர். மற்றவர்களும் பக்கத்தில் மனை வாங்கிக் குடியேறினார்கள். நிலத்துக்கு ஏன் அவ்வளவு மவுசு? காரணம் இருக்கு பாஸ். அன்றைய சட்டப்படி கறுப்பின ஆண் ஓட்டுப் போடணும்னா 250 டாலர் மதிப்புள்ள சொத்து கையில் இருக்கணும். வெள்ளைக்காரருக்கு அந்த நிபந்தனையே கிடையாது! அவர்களுக்கு அந்த மரவீடுதான் ‘வோட்டர் ஐடி’.

1850-களில் 500 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் அது. சொந்தமாகப் பள்ளிக்கூடம், சர்ச், பத்திரிகை எல்லாம் இருந்தன. 1863 கலவரத்தில் மன்ஹாட்டனிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்த கறுப்பின மக்களுக்கு இந்த ஊர்தான் அடைக்கலம். அப்புறம்? நகரம் வளர்ந்தது, கட்டம் போட்ட மாதிரி தெருக்கள் வந்தன, ஊரையே மறந்துபோனார்கள்.

1968-ல் பிராட் கல்வி நிறுவனத்தில் வட்டார வரலாற்று வகுப்பு நடத்திய ஜேம்ஸ் ஹர்லி இதைத் தேட ஆரம்பித்தார். தரையில் தேடினால் சிக்கவில்லை. விமானம் ஓட்டத் தெரிந்த ஜோசப் ஹெய்ன்ஸைக் கூட்டிக்கொண்டு மேலே பறந்தார். எல்லா வீடும் தெருவைப் பார்த்து ஒழுங்காக நிற்க, பெர்ஜென் தெரு பக்கம் சில வீடுகள் மட்டும் கோணலாக நின்றன. கட்டம் போட்ட தெருக்கள் வருவதற்கு முன்பே இருந்த ‘ஹன்டர்ஃப்ளை ரோடு’ என்ற பழைய பாதையைப் பார்த்துக் கட்டியவை அவை. பாதை போய்விட்டது, வீடு மட்டும் அதே திசையைப் பார்த்து நிற்கிறது! (நம்ம ஊர்களிலும் இப்படிக் கோணல் வீடு ஒன்றிரண்டு இருக்கும், கவனிச்சுப் பாருங்க.)

அதே சமயம் பக்கத்தில் அரசுக் குடியிருப்புக்காகப் பழைய கட்டடங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடிபாட்டில் சாரணர் இளைஞர்களும் அக்கம்பக்கத்துப் பசங்களும் இறங்கித் தோண்டினார்கள். தகரத் தகட்டில் பதிந்த ஒரு பெண்ணின் போட்டோ கிடைத்தது. நல்ல உடை, நேர் பார்வை. பேர் தெரியாததால் ‘வீக்ஸ்வில் லேடி’ என்று அவர்களே பேர் வைத்துவிட்டார்கள்.

அடுத்தது ஆபீஸ் வேலை. பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடித்ததில் ஏற்பட்ட கொதிப்பு அடங்குவதற்குள், 1965-ல் நியூயார்க் நகரம் புராதனச் சின்னச் சட்டம் கொண்டுவந்திருந்தது. இதற்கென்று ஒரு ஆணையம். அது பொது விசாரணை நடத்தும். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். உரிமையாளர் சம்மதம் கட்டாயமில்லை. பி.எஸ். 243 என்ற பள்ளியின் குழந்தைகள் போய்ப் பேசினார்கள். 1970 ஆகஸ்டில் அந்த வீடுகள் புராதனச் சின்னம் ஆயின. ஆணையம் அனுமதிக்காமல் இனி யாரும் கைவைக்க முடியாது. 1972-ல் தேசியப் பட்டியலிலும் சேர்ந்தன. தேசியப் பட்டியல் என்றால் கௌரவம் அதிகம், ஆனால் தனியார் இடிப்பதை அது தடுக்காது. நகரச் சட்டத்துக்குத்தான் பல் இருக்கிறது.

பட்டம் கிடைத்தால் கூரை தானாக ஒட்டிக்கொள்ளுமா என்ன! வீடுகளை வாங்கணும், மழைக்கு மூடணும், காசு திரட்டணும். ஜோன் மேனார்ட் என்ற ஓவியர் இதற்காகவே பல வருஷம் அலைந்தார். பழுது பார்த்து வீடுகளைப் பொதுமக்களுக்குத் திறந்தது 2005-ல். கணக்குப் போட்டால் 35 வருஷம்! 2019-ல் மறுபடி பணமுடை வந்து, பொதுமக்களிடம் 2 லட்சம் டாலர் கேட்டார்கள். ஜனங்கள் கொடுத்தார்கள்.

வீடுகளை இப்போதும் சுற்றிப் பார்க்கலாம். வீக்ஸ்வில் லேடியின் நிஜப் பேர் மட்டும் இன்னும் யாருக்கும் தெரியாது.