மூழ்கவும் எழவும் தெரிந்த எந்திர மீன்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்கள் நால்வர் ஓர் எந்திர மீன் செய்தனர். நீளம் 28 செ.மீ.; எடை 600 கிராம். உடல் ஒரு பி.வி.சி. குழாய், வால் பகுதிக்கு மெல்லிய ரப்பர் உறை. உள்ளே மின்கலமும் இரண்டு சிறு மோட்டார்களும் இருந்தன. ஒரு மோட்டார் வாலை அசைக்கும். மற்றொன்று, ஊசி மருந்து போடும் 10 க.செ.மீ. சிரிஞ்சு ஒன்றின் தண்டை முன்னும் பின்னும் நகர்த்தும். சிரிஞ்சு வெளிநீரை உறிஞ்சினால் மீன் மூழ்க வேண்டும். நீரை வெளியே தள்ளினால் மேலே வர வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு முழ ஆழமுள்ள தொட்டியில் அது சொன்னபடி மூழ்கியது, சொன்னபடி எழுந்தது. அந்த உற்சாகத்தில் கல்லூரித் தோட்டத்துக் கிணற்றில் விட்டோம். கிணற்றில் மூன்று ஆள் மட்டத் தண்ணீர். மீன் அழகாக உள்ளே போயிற்று, திரும்பி வரவில்லை. மறுநாள் காலை தோட்டக்காரர் பாதாளக் கரண்டியைப் போட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தார்.

நீர் கசிந்து உள்ளே புகுந்திருக்கும் என்றே எல்லோரும் நினைத்தோம். திறந்து பார்த்தால் ஒரு சொட்டு நீரும் இல்லை. சிரிஞ்சும் காலியாக இருந்தது. அதாவது, மேலே வருவதற்கான கட்டளையை மீன் ஒழுங்காக நிறைவேற்றிவிட்டது. பின் ஏன் வரவில்லை?

ஆர்க்கிமிடிஸ் தத்துவம் நாம் அறிந்ததே. நீரில் அமிழ்ந்த பொருள், தன் பருமனுக்குச் சமமான நீரை விலக்குகிறது. விலக்கப்பட்ட நீரின் எடை எவ்வளவோ அவ்வளவு மேல்நோக்கிய விசை அதன்மீது செயல்படுகிறது. எங்கள் மீனின் எடை 600 கிராம். பருமன் 600 க.செ.மீ. சிரிஞ்சு பாதி நிறைந்த நிலையில் இரண்டும் சமமாக இருக்கும்படி ஈயத் துண்டுகளை வைத்துச் சரிசெய்திருந்தோம். இன்னும் 5 க.செ.மீ. நீரை உறிஞ்சினால் மீன் 5 கிராம் கனத்துவிடும். இருப்பதை வெளியேற்றினால் 5 கிராம் இலேசாகிவிடும். கணக்கில் தவறு இல்லை. ஆனால் பருமன் மாறாது என்று நினைத்துக்கொண்டதுதான் தவறு.

நீரில் ஏறத்தாழ ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. வாலைச் சுற்றிய ரப்பர் உறைக்குள் சுமார் 40 க.செ.மீ. காற்று இருந்தது. பி.வி.சி. குழாய்க்குள் இருக்கும் காற்றைக் குழாய்ச் சுவர் காப்பாற்றும்; ரப்பர் காப்பாற்றாது. 3 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 1.3 வளிமண்டலம். பாயில் விதிப்படி 40 க.செ.மீ. காற்று அங்கே சுமார் 31 ஆகச் சுருங்கும். மீன் 9 கிராம் கனத்துவிட்டதற்கு இது சமம். சிரிஞ்சு திருப்பித் தரக்கூடியதோ 5 கிராம்தான். கணக்கிட்டுப் பார்த்தால், 1.4 மீட்டரைத் தாண்டிய கணத்திலேயே அந்த மீன் திரும்ப முடியாத இடத்திற்குப் போய்விட்டது. ஒரு முழத் தொட்டியில் காற்று சுருங்குவது 2 க.செ.மீ.க்கும் குறைவு, ஆகவே குறை வெளியே தெரியவில்லை.

நீருக்குச் சமமான அடர்த்தி கொடுத்துவிட்டால் பொருள் எந்த ஆழத்திலும் அப்படியே நிற்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். சுருங்கக்கூடிய காற்று உள்ளே இருந்தால் அது நடக்காது. மீன் ஒரு விரற்கடை கீழே இறங்கினால் காற்று சிறிது சுருங்கும். அதனால் கனம் கூடும். அதனால் இன்னும் இறங்கும். மேலே எழுந்தாலும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. கூம்பை அதன் முனையில் நிறுத்துவது போன்ற சமநிலை இது.

உயிருள்ள மீன்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. பல மீன்களின் உடலில் காற்றுப்பை இருக்கிறது. கெண்டை இனத்தில் இப்பை தொண்டையோடு ஒரு குழலால் இணைந்திருப்பதால் அவை காற்றை விழுங்கவும் வெளியிடவும் முடியும். வேறு சில மீன்கள் இரத்தத்திலிருந்தே பைக்குள் வாயுவைச் சேர்க்கின்றன, ஆனால் மெதுவாகத்தான். ஆழத்திலிருந்து சட்டென்று இழுக்கப்படும் மீனின் இரைப்பை வாய்வழியே பிதுங்குவதை மீனவர்கள் பார்த்திருப்பார்கள். பை திடீரென்று விரிவதன் விளைவு அது. சுறா இந்த வம்பே வேண்டாமென்று காற்றுப்பை இல்லாமலே வாழ்கிறது. அதன் பெரிய ஈரலில் உள்ள எண்ணெய் நீரைவிட இலேசானது. எண்ணெய் காற்றைப் போல் சுருங்குவதுமில்லை.

எந்திர மீன் செய்வோர் முதலில் கவனம் செலுத்தியது வாலின் மீதுதான். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1990-களில் உருவான 'ரோபோட்யூனா'வின் நோக்கம் சூரை மீன் எப்படி நீந்துகிறது என்று அறிவதே. அதே கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட 'சோஃபி' என்னும் மென்மையான மீன் பிஜித் தீவின் பவளப் பாறைகளிடையே 18 மீட்டர் ஆழம் வரை நீந்தியது. நீளம் 47 செ.மீ.; எடை 1.6 கிலோ. அதனுள் காற்றை அமுக்கியும் தளர்த்தியும் மிதப்பை மாற்றும் அமைப்பு ஒன்று இருக்கிறது. சாய்ந்து கொடுக்கும் பக்கத் துடுப்புகளும் உள்ளன. மின்னணுப் பாகங்களைச் சுற்றிச் சுருங்காத எண்ணெயை நிரப்பியிருந்தார்கள். சுறாவின் ஈரல் இங்கே நினைவுக்கு வருகிறதல்லவா?

உருவம் சிறுக்கச் சிறுக்கச் சிக்கல் பெருகுகிறது. நீளத்தைப் பாதியாக்கினால் பருமன் எட்டில் ஒரு பங்காகும். மோட்டாரும் மின்கலமும் அப்படிச் சுருங்கித் தருவதில்லை. எங்கேனும் ஒட்டிக்கொண்ட 1 க.செ.மீ. காற்றுக் குமிழி 600 கிராம் மீனுக்குப் பொருட்டல்ல; 75 கிராம் மீனை அது மேற்பரப்பிலேயே நிறுத்திவிடும். இத்தனை சிறிய உடலில் சிரிஞ்சுக்கு இடமேது?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2021-இல் அறிவித்த, 13 செ.மீ. அளவேயுள்ள 'புளூபாட்' மீனில் உள்ள வழி என்னைக் கவர்ந்தது. அந்த மீன் நீரைவிடச் சற்றே இலேசானது. முதுகுத் துடுப்பு அடித்துக்கொண்டிருக்கும்வரை கீழே போகும். துடுப்பு நின்றால் தானே மேலே வரும். காற்றுப்பை இல்லை, பிஸ்டன் இல்லை. ஆழத்தில் இருக்கும் நேரமெல்லாம் மின்சாரம் செலவாகும் என்பது குறைதான். ஆனால் மின்கலம் தீர்ந்தாலும் பாதாளக் கரண்டி தேவையில்லை!

எங்கள் மாணவர்கள் சிரிஞ்சைக் கைவிட மனமில்லாமல் மீனைத் திருத்தினார்கள். ரப்பர் உறையில் துளைகள் இட்டு உள்ளே நீர் நிரம்பச் செய்தனர். இதனால் 40 க.செ.மீ. காற்றின் மிதப்பு போயிற்று. அதற்கு ஈடாக 40 கிராம் ஈயத்தை எடுத்துவிட்டனர். நடுவில் இருந்த சிரிஞ்சைத் தலைப்பக்கம் மாற்றினர். 560 கிராம் மீனில், நடுவிலிருந்து 10 செ.மீ. முன்னால் 5 கிராம் கூடினால் ஈர்ப்பு மையம் சுமார் 0.9 மி.மீ. முன்னே நகரும். ஈர்ப்பு மையம் மிதப்பு மையத்துக்கு அரை செ.மீ. கீழே இருந்தால், மீன் ஏறத்தாழ 10 பாகை தலை குனியும். அப்போது வால் தள்ளும் விசையே அதைக் கீழே கொண்டுபோகும். சிரிஞ்சின் வேலையில் பாதியை வால் ஏற்றுக்கொள்கிறது.

அழுத்தமானி ஒன்றையும் பொருத்தி, குறித்த ஆழத்தைத் தாண்டினால் நீரை வெளியேற்றும்படி மோட்டாரை இணைத்தனர். முதலில் மீன் ஊஞ்சல்போல் மேலும் கீழும் ஆடியது. மோட்டார் சிரிஞ்சைக் காலி செய்ய 8 வினாடி எடுக்கும். அதற்குள் மீன் இலக்கைக் கடந்துவிடும். ஆழத்தோடு, ஆழம் மாறும் வேகத்தையும் கணக்கில் எடுக்கச் செய்தபின் ஆட்டம் ஒரு சாண் அளவுக்குக் குறைந்தது. இப்போது அது கிணற்றில் 2 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது.

அடுத்து அதைக் கடலில் விட மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். கடல் நீரின் அடர்த்தி சுமார் 2.5 விழுக்காடு அதிகம். ஆகவே அங்கே மீனுக்கு 14 கிராம் கூடுதல் மிதப்பு கிடைக்கும். சிரிஞ்சு முழுவதும் உறிஞ்சினாலும் மூழ்காது. எடுத்து வைத்த ஈயத்தில் 14 கிராமை மறுபடி உள்ளே வைக்க வேண்டும். நைலான் கயிறும் கட்டியாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.