முள்கம்பி வேலிக்கு முன் ஒரு கணக்கு

அரை ஏக்கருக்கு வேலி போட எத்தனை அடி முள்கம்பி வேண்டும் என்று கேட்டால் உடனே சொல்லிவிட முடியாது. பரப்பு ஒன்றே ஆனாலும் நிலத்தின் வடிவத்துக்கு ஏற்பச் சுற்றளவு மாறும். கம்பியை எடை போட்டு வாங்கினாலும் மொத்த அடி தெரிந்தால்தான் எத்தனை கிலோ என்று கேட்க முடியும்.

பாகப்பிரிவினையில் ஒருவருக்கு 50 சென்ட் செவ்வக நிலம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம் அகலத்தைப் போல் 5 மடங்கு. அகலத்தை 'அ' என்று குறித்தால் நீளம் '5அ'. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே 50 சென்ட் 21,780 சதுர அடி. நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பு.

5அ × அ = 21,780
அ × அ = 4,356

எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 4,356 வரும்? 60-க்கு 3,600, 70-க்கு 4,900. விடை இரண்டுக்கும் நடுவில். கடைசி இலக்கம் 6 ஆகையால் 64 அல்லது 66. பெருக்கிப் பார்த்தால் 66 சரியாக வரும். அகலம் 66 அடி, நீளம் 330 அடி. நில அளவையின் பழைய சங்கிலியும் 66 அடிதான்.

சுற்றளவு 792 அடி. நான்கு வரிசைக் கம்பிக்கு 3,168 அடி. இதே 50 சென்ட் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 590 அடி. நான்கு வரிசைக்கு 2,360 அடி போதும். சதுர நிலம் வைத்திருக்கும் பக்கத்து வயல்காரரைக் கேட்டு அதே அளவு வாங்கி வந்தால், ஒரு வரிசை முழுவதற்கும் கம்பி இராது.

பலர் தவறுவது ஓரிடத்தில். 5-ஐயும் 1-ஐயும் கூட்டிப் பரப்பை 6-ஆல் வகுக்கிறார்கள். பங்குகளைக் கூட்டுவது சுற்றளவு தெரிந்த கணக்கில் மட்டுமே. சுற்றளவு 640 அடி, நீள அகலம் 5 : 3 என்றால், ஒரு பங்கை 'ப' என்று கொள்ளலாம். இரண்டு நீளம், இரண்டு அகலம் சேர்ந்து 16ப = 640; ப = 40. நீளம் 200 அடி, அகலம் 120 அடி. பரப்பு சுமார் 55 சென்ட். மறதியாக 8-ஆல் வகுத்தால் 220 சென்ட் என்று வரும். உரமும் நான்கு மடங்கு வாங்க நேரிடும்!

கணக்கு செவ்வகத்துக்கே பொருந்தும். எதிர் வரப்புகள் சமமாக இருப்பதோடு, மூலைக்கு மூலை கயிறு பிடித்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பங்களில் சுற்றிக் கட்டவும் சிறிது கம்பி கூடுதலாகச் சேர்த்து வாங்கவும்.