ரசம் நுரைக்கும் வேளை

பெங்களூரு விவேக் நகரின் கடைத்தெருவில் மாலையில் சிறிது நேரம் நின்றால் மூன்று நான்கு மொழிகள் செவியில் விழும். அங்குள்ள குழந்தை இயேசு ஆலயத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் எனப் பல மொழிகளில் வழிபாடு நடைபெறுகிறது. இத்தகைய பகுதியில் வளரும் தமிழ்க் குழந்தை கடையில் கன்னடமும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறது. தமிழுக்கு எஞ்சும் இடம் வீடு. வீட்டிலும் பெரும்பாலும் சமையலறை. அங்கும் ‘கட் பண்ணு’, ‘ஃப்ரை பண்ணு’ என்னும் இரு தொடர்கள் புகுந்துவிட்டால், பத்துப் பதினைந்து தமிழ் வினைச்சொற்கள் வேலையிழந்துவிடும். எவ்வாறு என்பதை ஓர் எளிய இரவு உணவைச் சமைத்தே அறிவோம்.

நால்வருக்குச் சோறு, மிளகு ரசம், பீன்ஸ் பொரியல், சுட்ட அப்பளம். அடுப்பின் முன் நிற்பவர் அம்மாவோ அப்பாவோ ஆகட்டும். உதவிக்கு வருபவள் உங்கள் ஆறு வயதுத் தங்கை. தம்பியாயினும் வேலை அதுவே. மாணவர்களே, இருவருக்கும் இடையில் நின்று சொல் எடுத்துக் கொடுப்பவர் நீங்கள்.

தங்கையின் முதல் வேலை, ஒன்றரைக் குவளை அரிசியைக் களைதல். கையைக் கழுவுகிறோம், துணியைத் துவைக்கிறோம், பாத்திரத்தைத் துலக்குகிறோம், அரிசியை மட்டும் களைகிறோம். களைந்த நீருக்குக் கழுநீர் என்று பெயர். ஊரில் அது மாட்டுத் தொட்டிக்குச் செல்லும். இங்கே பால்கனியில் உள்ள துளசிச் செடிக்கு ஊற்றலாம்.

அடுத்து, ஒரு கைப்பிடி துவரம்பருப்பு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும். அதனால் சென்னையில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், இங்கே ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். நீர் விரைவில் கொதித்தாலும் அதன் வெப்பம் குறைவு. ஆகவே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் கூடுதல் நேரமாகும். குக்கர் உள்ளழுத்தத்தைக் கூட்டி இக்குறையைப் போக்குகிறது. கொதிப்பது நீர், வேகுவது பருப்பு. இரண்டும் ஒன்றல்ல.

நெல்லிக்காய் அளவு புளியை இளஞ்சூடான நீரில் ஊறவைத்துத் தங்கையிடம் கொடுங்கள். புளி கரைப்பதைச் சிறு விரல்கள் விரும்பிச் செய்யும். பீன்ஸின் காம்பைக் கிள்ளுவதும், கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவுவதும், நான்கு பல் பூண்டை உரிப்பதும் அவளுக்கு உரியவை. கத்தி பெரியவர்களிடமே இருக்கட்டும். அவர்கள் பீன்ஸைப் பொடியாக நறுக்குவர், கீரையாயின் அரிவர், தேங்காயைத் துருவுவர். இவை அனைத்தையும் ‘கட் பண்ணு’ என்றால் கை என்ன செய்யும் என்பதே விளங்காது.

ஒரு தேக்கரண்டி மிளகையும் அதே அளவு சீரகத்தையும் சிற்றுரலில் இட்டு இடிக்க வேண்டும். பூண்டை நசுக்கினால் போதும். இடித்த கையால் கண்ணைத் தொடலாகாது.

இடையில் உப்பு வாங்கக் கடைக்குச் சென்றால் கன்னடத்திலும் ‘உப்பு’ என்றே கேட்கலாம். நம் ‘பால்’ அங்கே ‘ஹாலு’. நம் ‘பத்து’ அங்கே ‘ஹத்து’. நம் ‘புளி’ அங்கே ‘ஹுளி’. பழங்கன்னடத்தில் இவை பகரத்திலேயே தொடங்கின. பிற்காலத்தில் பகரம் ஹகரமாயிற்று. ரசத்தைக் கன்னடத்தார் ‘சாரு’ என்பர். நம் ‘சாறு’ என்னும் சொல்லோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி அடுப்பு. தங்கை இரண்டு எட்டு தள்ளி நின்று, நடப்பதைச் சொல்லட்டும். எண்ணெய் காய்கிறது. கடுகு வெடிக்கிறது. வெங்காயம் வதங்குகிறது. பீன்ஸ், தெளித்த நீரின் ஆவியில் வேகிறது. பெயர் பொரியல் என்றாலும் பீன்ஸ் எண்ணெயில் மூழ்கிப் பொரிவதில்லை! வடைதான் அவ்வாறு பொரியும். சிறிதளவு எண்ணெயில் ஈரம் சுண்டும்வரை புரட்டுவது வதக்கல். எண்ணெய் இன்றியோ சில துளி விட்டோ சிவக்க வைப்பது வறுத்தல். ‘ஃப்ரை’ என்னும் ஒரே சொல் இவை மூன்றையும் விழுங்கிவிடுகிறது. அப்பளத்தையோ தணலில் சுடுகிறோம்.

புளிக்கரைசலில் உப்பும் மஞ்சளும் தக்காளியும் சேர்த்துப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடுங்கள். பின்னர்ப் பருப்பு நீரையும் இடித்த பொடியையும் பூண்டையும் சேர்த்துக் கவனியுங்கள். பால் பொங்கும், ரசம் பொங்குவதில்லை, நுரை கட்டும். விளிம்பில் நுரை கூடியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மேலும் கொதித்தால் மிளகு, சீரகத்தின் மணம் ஆவியோடு போய்விடும். ‘நுரைத்துவிட்டது’ என்று அறிவிக்கும் பொறுப்பைத் தங்கைக்கே கொடுங்கள். அவள் கண் எடுக்காமல் பார்ப்பாள். இறக்கிய ரசத்தில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் சமையல் முடிந்தது. தட்டுக்கு ஒன்றாக அப்பளம் வைப்பவளும் அவளே.

உண்டபின் ஊரிலுள்ள பாட்டியையோ தாத்தாவையோ தொலைபேசியில் அழைத்து ஒன்று கேளுங்கள்: பாத்திரத்தை அவர்கள் துலக்குவார்களா, விளக்குவார்களா, தேய்ப்பார்களா? ஊருக்கு ஊர் சொல் மாறும். அவர்கள் கூறும் சொல்லையும் ஊரின் பெயரையும் உங்கள் பயிற்சி ஏட்டில் எழுதி வருக.